கல்யாண மண்டபத்துக்குள் ஒரு குடிசை

குடிசை போட்டது நான்தான். இவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பாவம், வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் கல்யாணக் கண்காட்சி நடந்தது. பட்டுப்புடவைக்காரர், பாத்திரக் கடை, சமையல் காண்டிராக்டர் என்று ஆளுக்கொரு ஸ்டால். பூந்தமல்லி கரையான்சாவடியில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவும் ஒன்று எடுத்தது. ஸ்டூடியோ இவருடையது. ஆல்பம் ஒட்டுவதும், நெகட்டிவில் முகப்பருவை மறைப்பதும் என் வேலை. இவர் அப்போது என் கணவர் இல்லை. ஆக்கிக்கொள்வதென்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். என் அப்பாதான் இன்னும் செய்யவில்லை.

அப்பா ஆவடியில் பாக்டரித் தொழிலாளி. திருமழிசைப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். "போட்டோ புடிக்கிறவனுக்கா பொண்ணு? மாசம் பொறந்தா சம்பளம் வருமா?" என்று குதித்தார். நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். பக்கத்து வீட்டில் ஒளிந்து தின்றது கணக்கில் வராது. கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, கண்காட்சிக்கு வரேன். அவன் தொழில் பண்ற லட்சணத்தப் பாத்துட்டுதான் சொல்லுவேன். ஆமா, அவன் ஊடு தளம் போட்டதா, கூரையா?"

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கம் மொட்டை மாடியோடு வீடு என்றேன். அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஏன் கேட்டார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

ஆக, எங்கள் கல்யாணமே அந்த ஸ்டாலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோவில் ஒரு திரை உண்டு. மாளிகை, வளைந்து போகிற படிக்கட்டு, கீழே இரண்டு அன்னப்பறவைகள். பூந்தமல்லியில் பாதிப் பேர் அந்தப் படிக்கட்டில் கை வைத்து நின்றிருக்கிறார்கள். "அந்தக் கண்றாவிய மாட்டினா நான் வரவே மாட்டேன்" என்று இவரிடம் சொல்லிவிட்டேன். ஏதோ பத்திரிகையில் கிராமத்து வீட்டு வாசலில் ஒரு மணப்பெண் நிற்கிற படத்தைப் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து பித்து.

பிளைவுட்டில் செம்மண் குழைத்துப் பூசினேன். சுண்ணாம்பில் பட்டை போட்டேன். மேலே தென்னங்கீற்றுக் கூரை, தரையில் வைக்கோல், ஓர் உரல், சுவரில் முறம், சாய்த்து வைத்த மாட்டு வண்டிச் சக்கரம். அதோடு விட்டேனா? நிஜமாக இருக்கட்டும் என்று சாணி வேறு மெழுகினேன்.

முதல் புகார் பக்கத்து ஸ்டால் சமையல் காண்டிராக்டரிடமிருந்து வந்தது. "இன்னாம்மா நீ! கேசரி டேஸ்ட் பாக்க வர்றவன்லாம் மூக்கப் புடிச்சிகினு ஓடறான்!"

அடுத்து, கல்யாணம் நிச்சயமான பெண்ணோடு ஓர் அம்மா வந்தார். குடிசையைக் கண்டதும் நின்றுவிட்டார். "நாங்க இப்பதான் மாடி ஊடு கட்டி பால் காச்சினோம். கல்யாண போட்டோவுல குடிசையா? சம்பந்திங்க இன்னா நெனைப்பாங்க?"

"இது கிராமிய அழகும்மா" என்று விளக்கப் போனேன்.

"அழகா? மழையில வந்து படுத்துப் பாரு. ஒழுகுற எடத்துக்கெல்லாம் நீயே சட்டி வைப்பே." பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணி வரை ஒருவரும் உள்ளே வரவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. சாயங்கால வெயில் மாதிரி விழட்டும், வீடியோ லைட்டைக் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றி வையுங்கள் என்று இவரை விரட்டினேன். அதுவும் நான்தான். ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. "எப்டிப்பா கீது?" என்று இளித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குடிசையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். கண் கூரை முனையில் நின்றது.

"டேய், லைட்ட அணைடா!"

கத்திக்கொண்டே உரல்மேல் ஏறி இரண்டு கையாலும் கீற்றைப் பிடித்து இழுத்தார். கூரை மொத்தமும் சரிந்தது. வண்டிச் சக்கரம் உருண்டு போய்க் கேசரி மேஜையில் முட்டியது. மண்டபமே எங்களைப் பார்த்தது. முடிந்தது, என் கல்யாணம் இத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

"என் மானத்த வாங்கவா வந்தே?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் கையிலிருந்த கீற்றை நீட்டினார். உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. நுனியில் இன்னும் புகை வந்தது.

"எனக்குப் பதினேழு வயசுல எங்க கூரை ஊடு எரிஞ்சிது" என்றார். "ரெண்டு ஆடு போச்சு. என் எட்டாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டு போச்சு. படிச்சவன்னு காட்ட ஒரு காகிதம் இல்லாம பாக்டரியில மூட்டை தூக்கறவனா சேந்தேன். நீ இன்னாடான்னா அதே கூரைய ஜோடிச்சு வெச்சிகினு கீறே."

இத்தனை வருஷத்தில் அவர் அதை வீட்டில் சொன்னதேயில்லை. வெட்கத்தில் எனக்கு வாயே எழவில்லை. என் வாழ்நாளில் வாய் எழாமல் போனது அந்த ஒரு தடவைதான் என்று இவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இவர் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஸ்டாலுக்குப் பின்னாலிருந்து ஒரு நீளச் சுருளை எடுத்து வந்தார். மாளிகைத் திரை! எனக்குத் தெரியாமல் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறார், கள்ளன். என் மண் சுவர்மேலேயே அதைத் தொங்கவிட்டார். முதலில் ஓடி வந்தது மாடி வீட்டு அம்மாதான். பெண்ணைப் படிக்கட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அன்னப்பறவையும் படத்தில் விழுகிற மாதிரி எடுக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டியது. அப்பா கீற்றையும் வைக்கோலையும் வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் இவரைக் கூப்பிட்டார். "தம்பி, உன் ஊட்ல எங்கனா கூரை கீதா? நெசத்தச் சொல்லு."

"ஊடு தளம் போட்டதுதாங்க. பின்னால குளிக்கிற எடம் மட்டும்தான் கீத்து."

நான் பல்லைக் கடித்தேன். குளிக்கிற இடத்தையெல்லாமா ஒரு மனுஷன் ஒப்பிப்பான்!

"மொதல்ல அதப் பிரி" என்றார் அப்பா. "அப்பால உங்க அம்மாவ இட்டுகினு வந்து பொண்ணு கேளு."

அன்று சாயங்காலமே இவர் சைக்கிளில் போய்ப் பிரித்துவிட்டார். மறுநாள் இவருடைய அம்மா குளிக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டு வாசலில் வாளியோடு நின்று, "இன்னும் காலே எடுத்து வெக்கல, அதுக்குள்ள என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டாளே!" என்று என்னைக் கரித்துக் கொட்டினாராம். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அப்பா வாங்க என்று சொல்லவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை.

"பிரிச்சாச்சா?" என்றுதான் கேட்டார்.