அப்பாவின் கை தப்பிய வருஷம்

எங்கள் வீட்டில் வருஷங்களுக்கு எண் கிடையாது, ருசிதான் உண்டு. மணலூர்பேட்டைப் பக்கம் பெண்ணையாற்றங்கரை வயல்களில் கூலிக்கு வெல்லம் காய்ச்சுபவர் அப்பா. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வெல்லக்கட்டியைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டுப் பரணில் அடுக்குவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் போதும், "இது ஆத்துல வெள்ளம் ஏறுன வருசம். உப்புக் கரிக்குது பாரு" என்பார். மழை ஏமாற்றிய வருஷத்து வெல்லம் கறுத்துப்போயிருக்கும். தித்திப்பு மட்டும் தொண்டைவரை இறங்கும். பனி நன்றாக விழுந்த வருஷத்தது பொன் மாதிரி இருக்கும்.

"நான் இன்னா பண்றேன்? வானம் சமைக்கிறத சுண்ட வெக்கிறேன், அவ்ளோதான்" என்பார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். தன் கைப்பதத்துக்கு ஊரில் இருந்த பேர் அவருக்கு நன்றாகவே தெரியும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது இது. ஒரு கரும்புக்காரர் தன் மகள் கல்யாணப் பலகாரத்துக்குத் தன் வயல் வெல்லம்தான் என்று ஊரெல்லாம் சொல்லி, அப்பாவை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். மழையும் வெயிலும் சொல்லிவைத்தாற்போல வந்த வருஷம் அது. வெட்டுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்திக் கரும்பைக் காயவிட்டிருந்தார்கள். அப்போதுதான் சாற்றில் இனிப்பு ஏறும். இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், தோகை பழுத்துத் தொங்குவதைப் பார்த்து, பாவம், கரும்பு தாகத்தில் சாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து நெல் வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நாள் சாயங்காலம் மடையைக் கையாலேயே பிரித்துக் கரும்புக்குள் விட்டேன். கிளம்பும்போது சேற்றை அப்பி மூடிவிடுவேன். அடர்ந்த கரும்புக்குள் தண்ணீர் போனது யார் கண்ணிலும் படவில்லை. கடைசி நாளன்று தலையில் இருந்த சிவப்பு ரிப்பன் ஒன்று தொலைந்துபோய், அம்மாவிடம் முதுகில் நாலு சாத்து வாங்கினேன். புண்ணியம் செய்தவளுக்கு இப்படியா என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

பத்து நாள் கழித்துக் கரும்பை வெட்டி ஆட்டினார்கள். கொப்பரையில் பாகு கொதித்தது, கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. அச்சில் ஊற்றியும் இறுகாமல் கொழகொழவென்று கிடந்தது. கரும்புக்காரர் முகம் கறுத்துவிட்டது.

"இன்னாப்பா இது? வெள்ளமும் வர்ல, மழயும் ஜாஸ்தி இல்ல. வானத்து மேல பழி போட முடியாது, ஆமா!"

அப்பா வயல் பக்கம் போனார். ஒரு சுற்றுச் சுற்றி மடை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கொப்பரை ஓரத்தில் பாகை நக்கிக்கொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"என் கைதாங்க தப்பு. பதம் வுட்டுட்டேன்."

அடுத்த வருஷம் கரும்புக்காரர் வடக்கனந்தலிலிருந்து வேறு ஆளைக் கூட்டிக்கொண்டார். மற்றவர்களும் தயங்கினார்கள். அப்பா அந்தப் பருவம் முழுக்கக் கரும்பு வெட்டத்தான் போனார். மறுபடி கொப்பரை முன்னால் நிற்க அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த வருஷத்து வெல்லம் கட்டியாக இல்லாததால் ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார். வாயைத் துணியால் மூடி, அதன் மேல் கட்டியிருந்ததைப் பார்த்ததும் நான் குதித்தேன்.

"அய்ய, என் ரிப்பன்! எங்கப்பா கெடச்சிச்சி?"

"வழியில கெடந்துச்சிம்மா."

"குடு!"

"அது அங்கயே இருக்கட்டும். உனுக்குப் புதுசு வாங்கியாறேன்."

வீட்டுக்கு வருகிறவர்கள் பரணில் பாட்டிலைப் பார்த்துக் கேட்டால், "அதுவா, என் கை தப்புன வருசம்" என்று சிரிப்பார். கூட நானும் சிரிப்பேன். பள்ளிக்கூடத்தில்கூட, "எங்கப்பாவே ஒரு வருசம் கோட்ட வுட்டாரு, தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், பாவி.

மடைக்கும் ரிப்பனுக்கும் முடிச்சுப் போட எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அப்பா இன்றுவரை வாய் திறக்கவில்லை. நன்றி சொல்லலாம் என்று போகும்போதெல்லாம் அவர் எனக்கு ஒரு துணுக்கு வெல்லம் கொடுத்து, எந்த வருஷம் சொல்லு என்கிறார். நல்லா இருக்கணும் என் அப்பா.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அவர் சொன்னபடியே இரண்டு முழம் புது ரிப்பன் வாங்கி வந்தார். பழையதைவிட இதுதான் நல்ல சிவப்பு என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன்.