சபேசன் விட்டுப்போன ஆறு மாதம்

சான்டா கிளாரா மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பக்கத்து ஊர் டப்ளினில் இருந்த சபேசன் போய்விட்டான். எனக்கு முதலில் வந்தது கோபம். கார் கழுவக்கூட என்னைத் துணைக்கு இழுப்பவன், இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவனுடைய சுமேரியக் கதையை அறியாதவர் உங்களில் யார்? அவன் அதைச் சொல்லாத துக்க வீடு கலிபோர்னியாவிலேயே கிடையாது. கேட்டுக் கேட்டு டப்ளின் குன்றுகள் பாதி தேய்ந்துவிட்டன. இனன்னா என்ற தேவி பாதாளம் போய் மீள்கிறாள். பதிலுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். தனக்காக அழுக்குத் துணியில் அழுதவர்களை விட்டுவிடுகிறாள். புருஷன் துமுசியோ பட்டு உடுத்திச் சிம்மாசனத்தில் இருக்கிறான். பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். அவனோடு பிறந்தவள், "வருஷத்தில் பாதி அவனுக்காக நான் கீழே இருக்கிறேன்" என்கிறாள்.

ஒரு துக்கத்துக்குப் பட்டு ஜிப்பாவில் போய்விட்டேன். வாசலிலேயே மறித்தான்.

"யோவ், ரிசப்ஷனுக்கா வந்த? செத்தவர் திரும்பி வந்தா ஃபர்ஸ்ட் உன்னத்தான் பிக்கப் பண்ணுவார்!"

இறந்தவரின் மனைவியே சிரித்துவிட்டார். என் மானம் பசிபிக் கடலில் மிதந்தது.

கதையோடு நின்றானா? விபத்தில் தலையில் அடிபட்ட தம்பி முரளியால் தனியே இருக்க முடியாது. கோடையில் ஜெர்சி சிட்டியில் அக்கா வசந்தாவிடம். குளிர்காலத்தில், கல்யாணமே செய்துகொள்ளாத இவனிடம். "ஃபிஃப்டி ஃபிஃப்டி. சுமேரியா ரூல்" என்பான்.

முரளி இங்கே வரவேண்டிய வாரத்தில்தான் சபேசன் போய்ச் சேர்ந்தான். பெயின்ட் கறை படிந்த கிழிசல் சட்டையில் அவனை வழியனுப்பப் போனேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வசந்தா அழுகையினூடே சிரித்தாள்.

"கதை உங்க தலையிலயும் ஏறிடுச்சா, தம்பி? இனிமே முரளிய ஃபுல் இயர் நானே மேனேஜ் பண்ணிக்கறேன்."

நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள்.

"அண்ணன் வீட்டுக்கு எப்போ போறோம்?" என்றான் முரளி. பாழாய்ப்போன என் வாய் திறந்தது.

"குளிர்காலம் என் வீட்ல இருக்கட்டும்க்கா."

"மொதல்ல மாடி ரூம்லேர்ந்து அந்த ட்ரெட்மில்ல எடுங்க" என்றாள் மனைவி.

ஆக, செத்தும் விடவில்லை பாவி. அவன் தம்பி இப்போது என் நாற்காலியில். தினமும் அதே கதை வேண்டும். இப்போது சொல்பவன் நான். நேற்று என்னைத் திருத்தினான்:

"அவ பாதி வருஷம் நான் இருக்கேன்னு சொல்ற எடத்துல, அண்ணன் கொஞ்ச நேரம் பேசமாட்டாரு."

அந்த இடத்தில் இப்போது நானும் பேசுவதில்லை.