செவலையின் கயிறு

எங்கள் மாட்டுக் கொட்டகையின் உட்சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்திருக்கும். ஆணிக்கு ஒரு கழுத்துக் கயிறு. எல்லாமே முப்புரியாகத் திரித்தவை. ஆனால் தொங்குகிற எதிலும் இப்போது இரண்டு புரிக்கு மேல் இருக்காது. நடுவில் ஓர் ஆணி மட்டும் காலி. கடைசி ஆணியில் இருப்பதைப் போன மாதம் நான்தான் மாட்டினேன். அந்தக் காலி ஆணிக்கும் நான்தான் காரணம். அதைச் சொன்னால் என் அண்ணியைப் பற்றிச் சொன்னதாகிவிடும்.

அடி அண்ணாமலையில் நான்கு தலைமுறையாக எங்களுக்குப் பால்மாடுதான் பிழைப்பு. கொள்ளுத்தாத்தா செங்கம் பக்கத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்த ஒரே பசுவின் வழிதான் இன்று கொட்டகையில் நிற்பவை அத்தனையும். அப்போது கிரிவலப் பாதை டீக்கடைகளுக்குப் பால் போனது. இப்போது ஆசிரமப் பக்கத்து விடுதிகளுக்கும் போகிறது. மாட்டை விற்றால் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வது எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் வழக்கம். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போவார். கயிறும் சேர்ந்து போனால் வீட்டு லட்சுமியும் போய்விடும் என்பார்கள். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே. கிடாரிக் கன்றுக்கு முதல் கயிறு போடும்போது, தாயின் கயிற்றிலிருந்து ஒரு புரியை உருவி அதில் சேர்த்துத் திரிப்பார்கள். அந்த முதல் பசுவிலிருந்து அப்படியே கை மாறி வருகிறது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை அதுதான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அண்ணி மருமகளாக வந்தபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தையே பார்த்திராத அவர்தான் என்னைக் கொட்டகைப் பக்கம் அண்டவிடாமல் விரட்டுவார். “சாணி நாத்தத்தோட போனா வாத்தியார் கிட்ட சேப்பாரா? போ, போய் படி!” கறக்கும்போது அவர் மாடுகளிடம் பேசிக்கொண்டே இருப்பது மட்டும் வீட்டுக்குள் கேட்கும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நான் பாடம் படித்தேன்.

கல்லூரியில் கடைசி வருடம். கடும் கோடை, வைக்கோல் கிடைக்கவில்லை. ஒரு மாட்டையாவது குறைத்தாக வேண்டும் என்று அண்ணி செவலையைக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து இளம்பெண் ஒருத்திக்குப் பேசி முடித்திருந்தார். அவள் வரவேண்டிய நாளில் அண்ணியின் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். அண்ணி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அண்ணன் பால் ஊற்றப் போயிருந்தார். “அவங்க வந்தா மாட்ட புடிச்சிக் குடுத்துடு” என்று மட்டும் அண்ணி போனில் சொன்னார். கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதையெல்லாம் யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அன்று பௌர்ணமி. பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்று வேன்காரர் அவசரப்படுத்தினார். அந்தப் பெண் பையிலிருந்து வெள்ளை நூல் கயிற்றை எடுத்தாள். செவலையின் கழுத்து முடிச்சு என் விரலுக்கு அசையவில்லை.

“எதுக்குங்க மாத்திக்கினு? இதோடயே ஓட்டிக்கினு போங்க” என்றேன்.

“நெஜமாவா சொல்றீங்க? கயிறோடயேவா?”

“அட, ஒரு கயிறுதானங்க.”

அவள் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் அண்ணி வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனார். செவலைக்காக அடித்து வைத்திருந்த ஆணியைப் பார்த்தார். “கயிறு எங்க தம்பி?”

“மாட்டோடயே குடுத்துட்டேன் அண்ணி.”

அண்ணன்தான் கத்தினார். “காலேஜ் வரைக்கும் படிச்சான். ஒரு முடிச்ச அவுக்கத் தெரியல!”

“உடுங்க. அவன கொட்டாய் பக்கம் உடாம வளத்தது நாமதான” என்றார் அண்ணி. அண்ணனின் கத்தலைவிட அதுதான் எனக்கு வலித்தது. அன்று கறக்கும்போது அவர் பேசவில்லை. செவலையின் கிடாரி மூலையில் வெறும் சணல் துண்டில் நின்றது. வெள்ளிக்கிழமை அதற்குக் கயிறு போடுவதாக இருந்தது. நான்கு தலைமுறையாக அறாமல் வந்ததை நான் அறுத்துவிட்டேன்.

வெள்ளி காலை அண்ணியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். கீற்றுக் கொட்டகை. உள்ளே செவலை மட்டும். கழுத்துக் கயிற்றில் மஞ்சள் பூசியிருந்தார்கள். வெள்ளைக் கயிறு கட்டப்படாமல் தூணில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் கை செவலையின் கழுத்துக்குப் போனது.

“அக்கா, இத மட்டும் கேக்காதீங்க. வந்த நாள்லேந்து ஒரு வேள பால் கொறயல. எம் மாமியாவே கம்முனு கீறாங்க.”

அண்ணி சிரித்துவிட்டார். “மாமியாவயே கம்முனு ஆக்குன கயிறா? அத எப்டிடி நான் புடுங்குவேன்? ஒரு புரி குடு, போதும்.”

வாசலில் மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்க, இருவரும் தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிரித்தார்கள். பழையதில் ஒரு புரியை உருவி, அந்த இடத்தில் வெள்ளைக் கயிற்றின் ஒரு புரியை வைத்துத் திரித்தார் அண்ணி. மிச்சமிருந்த இரண்டு வெள்ளைப் புரியையும் அந்தப் பெண்ணே நீட்டினாள். “இதயும் எடுத்துக்கினு போங்கக்கா. கன்னுக்கு ஆவும்.” செவலையின் கிடாரிக்கு எங்கள் புரி ஒன்றும் அவளுடைய புரி இரண்டுமாகத்தான் கயிறு அமைந்தது.

திரும்பும்போது, “தப்புப் பண்ணிட்டேன் அண்ணி” என்றேன். பின்னாலிருந்து, “அந்த மாமியா மூஞ்சியப் பாத்தியா நீ?” என்று மறுபடி சிரித்தார்.

இப்போது நான் வேலூர்ப் பக்கம் ஆசிரியர். அந்தக் கிடாரி ஆறு ஈற்று ஈன்றுவிட்டது. போன மாதம் அதுவும் வேறு வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. லீவில் வந்திருந்தேன். அன்றும் பௌர்ணமிதான்.

“சார், ரோட்ட மூடிடுவாங்க. கயிறோடயே ஏத்துங்க” என்றார் வேன்காரர்.

“இருப்பா” என்றேன். வியர்வையும் அழுக்கும் ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. அண்ணி வாசலில் நின்று, “அவசரமே இல்ல கொழுந்தனாரே. அடுத்த பௌர்ணமிக்குள்ள அவுத்துடுவீங்க” என்றார். வேன்காரர்கூடச் சிரித்தார். நகம் பிய்ந்தது. அவிழ்த்துவிட்டேன்.

வேன் போன பிறகு கயிற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக வந்த இரண்டும் எங்களுடையதும் ஒரே பழுப்பாகக் கிடந்தன.

“இன்னா தேடற?”

“நம்ம புரி எதுன்னு பாக்கறேன் அண்ணி. கன்னுக்கு அதத்தான எடுக்கணும்?”

அண்ணி கயிற்றை வாங்கினார். பார்க்கக்கூட இல்லை. கைக்கு வந்த புரியை உருவிக்கொண்டு, மிச்சம் இரண்டை ஆணியில் மாட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, மூலையில் நின்ற கன்றிடம் ஏதோ பேசியபடியே போனார்.