கூரைக்குத் தையல் விட்ட மாஸ்டர்

மாஸ்டரின் தலையில் அந்த வருடத்தில் மட்டும் பதினோரு முறை விளக்கு மோதியது. 'விளக்கு மோதிடுச்சு' என்று சொல்வது அவர்தான். விளக்கு பாவம், தொங்கின இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போய் முட்டியது இவர்.

ஆறடி இரண்டு அங்குலம் ஆள். நாற்பத்தொரு வருடம் ஒரு தையல் கடையில் துணி வெட்டினார். அதனால் ஊருக்கே அவர் மாஸ்டர். மனைவியும் கோபம் வந்தால் 'மாஸ்டர்' என்பாள். கோபம் இல்லாதபோது 'என்னங்க'. இதை வைத்தே வீட்டு நிலவரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்வார். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. எண்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இன்ச் டேப். அறுபதுக்கு மேல் எண்ணச் சொன்னால் டேப் தீர்ந்துபோன மாதிரி கொஞ்சம் திணறுவார்.

ஹாலில் அந்த மூன்று விளக்குகளைத் தொங்கவிட்டதும் அவர்தான். கடைசி சில வருடங்கள் வீட்டிலேயே வெட்டு வேலை செய்தார். ஹாலின் நடுவே எட்டடி நீளத்தில் வெட்டு மேசை. துணி மேல் நிழல் விழக்கூடாது என்று கண்ணாடிக் கூடு போட்ட மூன்று விளக்குகளை வரிசையாக, நன்றாகத் தாழ்த்திக் கட்டச் சொன்னார். மேசை இருந்தவரை வம்பில்லை. மேசைக்கு நடுவில் யார் நடக்கப்போகிறார்கள்? வேலையை விட்டதும் மேசையைக் கொடுத்துவிட்டார். விளக்குகள் மட்டும் வெறும் இடத்துக்கு மேலே, எதையோ தேடுகிற மாதிரி தொங்கிக்கொண்டு நின்றன. அவற்றுக்குக் கிடைத்தது மாஸ்டரின் நெற்றி.

நாளாக ஆக அவர் உடம்பே பழகிவிட்டது. வாசலிலிருந்து சமையலறைக்குப் போனால் மூன்று இடத்தில் முழங்கால் தானாக மடங்கும், கழுத்து தானாக உள்ளே போகும். ஞாபகம் வேறெங்காவது இருக்கும் நாளில்தான் அடி.

அப்படி ஞாபகம் வேறெங்கோ இருந்தது ஒரு புதன்கிழமை. மகள் போனில் வீடியோவில் வந்திருந்தாள். அவள் மடியில் பேத்தி. பிறந்து நாற்பத்திரண்டு நாள். மாஸ்டர் போனை முகத்துக்கு நேரே பிடித்து, "தாத்தாவப் பாரு, தாத்தாவப் பாரு" என்று குழைந்துகொண்டே நடந்தார். டங்!

பேத்தி பார்த்தாளோ இல்லையோ, மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா! இன்னுமா அந்த விளக்க மாத்தல?"

"அது ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா உரசிச்சு."

"உரசினா டங்குனு கேக்குமா? சனிக்கிழமை நாங்க வர்றோம். நல்லாக் கேட்டுக்குங்க, அந்த ஹால்ல பிள்ளையத் தூக்கிட்டு நீங்க நடக்கக் கூடாது. உக்காந்து மடியில வாங்கிக்கிட்டாப் போதும்."

"ஏம்மா, உன்னையே இந்தத் தோள்ல போட்டு..."

"அப்ப உங்க தலைக்கு மேல விளக்கு இல்லப்பா."

போனை வைத்ததும் மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் பிள்ளையைப் பார்த்தபோதும் நர்ஸ் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் மடியில் கொடுத்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். நாற்பத்திரண்டு நாளாக அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ராத்திரி தலையணையைத் தோளில் போட்டுப் பழகிக்கூடப் பார்த்துவிட்டார். மனைவி அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கிண்டல்.

"கழட்டிட்டு, கூரைக்குள்ளயே பதிக்கிற விளக்கு போட்டுடலாம்" என்றார்.

"எட்டு வருஷமா நானும் அதத்தானே சொல்றேன்?"

"நீ என் தலைக்காகச் சொன்ன. இது பிள்ளை விஷயம்."

வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். ஐந்தடி தாண்டாத ஆள். மூன்று விளக்குகளுக்கும் கீழே தலை நிமிர்ந்து, குனியாமல் போய் வந்தார். மாஸ்டருக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஜிப்சம் பலகை அடித்த கூரை. பலகைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் உண்டு. எலக்ட்ரீஷியன் ஹால் லைனை நிறுத்தி, மூன்று விளக்குகளையும் கழற்றி, கூரையில் பதிக்கிற ஆறு டவுன்லைட்டுக்கு வயரை மேலேயே இழுத்துவிட்டார். புது விளக்குப் பெட்டிகளை மூலையில் அடுக்கினார்.

"சனிக்கிழமை காலையில வந்து ஓட்டை போட்டு மாட்டிடறேன் மாஸ்டர். வட்டமா வெட்டுற கட்டர் இன்னொரு சைட்ல இருக்கு."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "வட்டம் வெட்டுறதுக்கு ஒரு மிஷினா? நாப்பத்தொரு வருஷம் வெட்டின கை இது. ஓட்டைய நான் போட்டு வைக்கிறேன். நீங்க வந்து மாட்டினாப் போதும்."

"வேணாம் மாஸ்டர்."

"பாம்பு மாதிரி நெளிஞ்சு ஓடுற பட்டுல கை நடுங்காம வெட்டினவன்ங்க நான். இது அசையாத பலகை."

எலக்ட்ரீஷியன் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். "சரி. விளக்குப் பெட்டிக்குள்ள வட்டமா ஒரு காகிதம் இருக்கும். அத வச்சுக் கோடு போட்டு, அது மேலயே வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் பழைய முக்காலியை எடுத்துப்போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஹாலில் அவர் உயரம் உபயோகப்பட்டது. ஏணியே வேண்டாம். கூரை முகத்துக்கு நேரே வந்து நின்றது.

பெட்டியைப் பிரித்தார். வட்டக் காகிதம், குறுக்கே நாலு இன்ச். கூடவே பொடி எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு. எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். சின்ன வட்டத்துக்குப் பக்கத்தில் சரி போட்டிருந்தது, பெரிய வட்டத்தின் மேல் தப்பு போட்டிருந்தது. கம்பெனி முத்திரை போலிருக்கிறது என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

காகிதத்தைக் கூரையில் ஒட்டினார். காதில் செருகியிருந்த தையல் சாக்பீஸை எடுத்தார். சுற்றிலும் கோடு போட்டார். அதுவரை சரி. அதற்கப்புறம் கை, தலையைக் கேட்காமலே தன் வேலையைச் செய்தது. அந்தக் கோட்டிலிருந்து அரை இன்ச் தள்ளி, வெளியே இன்னொரு வட்டம். தையலுக்கு.

நாற்பத்தொரு வருடத்தில் பேட்டர்ன் விளிம்போடு ஒட்டி அவர் எதையுமே வெட்டியதில்லை. சுற்றி அரை இன்ச் விட்டுத்தான் வெட்டுவார். கொஞ்சம் கூட இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று கடையில் சேர்ந்த எத்தனை பேரைத் திட்டியிருப்பார்! இங்கே எதைப் பிடித்து எதோடு தைக்கப் போகிறோம் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கிற வேலையை அவர் கை எப்போதுமே அவருக்கு வைத்ததில்லை.

வெளி வட்டத்தில் ஊசி ரம்பத்தைக் குத்தி இழுத்தார். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூள். மத்தியானத்துக்குள் ஆறு ஓட்டையும் முடிந்தன. விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. வெட்டின ஆறு தட்டுகளையும் தரையில் வரிசையாக வைத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்படி?"

"நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க" என்றாள் அவள். அவளும் அந்தக் கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைத்தவள். சும்மா புகழ்கிறவள் இல்லை. மாஸ்டருக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இரண்டு கை கூடவே இறங்கியது.

சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்து, நிமிர்ந்து பார்த்து, "அட, சுத்தமா இருக்கே மாஸ்டர்!" என்றார். மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றார். எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி, வயரைச் சேர்த்து, முதல் விளக்கின் இரண்டு பக்க ஸ்பிரிங் காதுகளையும் மடக்கி உள்ளே தள்ளிக் கையை எடுத்தார்.

விளக்கு அவர் கையிலேயே வந்து விழுந்தது.

மறுபடி தள்ளினார். மறுபடி விழுந்தது. விளிம்பு, ஸ்பிரிங் எதுவும் பலகையைத் தொடவேயில்லை. இரண்டாவது ஓட்டையில் வைத்துப் பார்த்தார். மூன்றாவதிலும் பார்த்தார். விளக்கு ஒவ்வொன்றிலும் தாராளமாக உள்ளே போய்த் தாராளமாக வெளியே வந்தது.

"மாஸ்டர், இது எத்தன இன்ச்?"

"நாலுதான். காகிதம் வச்சுத்தான் வரைஞ்சேன். தையலுக்கு மட்டும் ஒரு அரை..."

வாய்க்குள் பாதி வார்த்தை இருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. மீதியை விழுங்கினார்.

"எதுக்கு?" என்றார் எலக்ட்ரீஷியன்.

மனைவி போய், மூலையில் கிடந்த தட்டு ஒன்றை எடுத்தாள். அதன் நடுவே வட்டக் காகிதத்தை வைத்தாள். சுற்றிலும் அரை இன்ச் பலகை பிசகாமல் நின்றது.

"தையலுக்கு விட்டதெல்லாம் இதோ, தட்டுல பத்திரமா இருக்கு மாஸ்டர்." மாஸ்டர் என்று சொல்லிவிட்டாள். "சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது கோட்டுக்கு உள்ளயா விடுவீங்க, வெளியவா?"

"உள்ள."

"கூரைக்கு மட்டும் ஏன் வெளிய?"

கழுத்தென்று நினைத்து வெட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். ஓட்டை சின்னதாக இருந்திருக்கும், செதுக்கியிருக்கலாம். அவர் தனியாக வெட்டி மேலே வைத்துத் தைக்கிற பாக்கெட்டென்று நினைத்துவிட்டார். தன் சொந்தத் தொழில் கணக்குப்படி பார்த்தாலும் தப்பு! முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு இல்லாமலே தலை வலித்தது.

"மூணு மணிக்கு வந்துடுவாங்க. வந்து பாத்தா ஆறு பொந்தும் தொங்குற வயரும்தான். 'நடக்கக் கூடாது'ன்னவ இனிமே வீட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னுடுவா" என்றார். எலக்ட்ரீஷியனிடம், "உங்க கட்டரே வெட்டியிருக்கணும். மிஷினுக்குத் தொழில் பெருமை கிடையாது பாருங்க" என்றார்.

எலக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்று, டேப்பால் ஓட்டையை அளந்தார். "அஞ்சு இன்ச். ஒண்ணு சொல்லவா மாஸ்டர்? ஆறும் ஒரே அளவா இருக்கு, அதனால பொழச்சீங்க. அடுத்த சைஸ் விளக்குக்கு இதே ஓட்டைதான். ஆனா வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"எவ்வளவு தூக்கல்?"

"கடைக்குப் போடுறது."

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரே மின்சாமான் கடைக்கு ஓடினார். மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டரை மணிக்கு ஆறு விளக்கும் கூரையோடு கூரையாக, கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. எலக்ட்ரீஷியன், இரண்டு விளக்குக்கு ஒன்றாக இருந்த மூன்று ஸ்விட்சையும் போட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மகளும் மருமகனும் வந்து இறங்கியபோது மாஸ்டர் கதவைத் திறந்து பெருமையாக மூன்று ஸ்விட்சையும் தட்டினார்.

"என்னப்பா இது, ஹாலா நகைக்கடையா?" மகள் பிள்ளையின் முகத்தைத் துண்டால் மறைத்தாள். பேத்தி வீறிட்டாள். இரண்டு ஸ்விட்சை அணைத்தார்கள். வெளிச்சம் அடங்கியது, பேத்தி அடங்கவில்லை. மகள் தட்டிக்கொடுத்துப் பார்த்தாள். மருமகன் ஆட்டிப் பார்த்தார். மாஸ்டரின் மனைவி முதுகைத் தடவிப் பார்த்தாள். பிள்ளை முகம் சிவக்க அழுதது.

மாஸ்டர் ஓரமாக நின்றார். கேட்கவில்லை. கையை மட்டும் இரண்டு தடவை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மகள் கூரையைப் பார்த்தாள். ஒன்றும் தொங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். மீசையில் இன்னும் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருந்தது.

"இந்தாங்கப்பா. கழுத்தப் பிடிச்சுக்குங்க. நடங்க."

தலையணையில் பழகினதெல்லாம் மறந்துபோயிற்று. தலையணைக்கு இவ்வளவு சூடும் கிடையாது, இவ்வளவு சத்தமும் கிடையாது. தோளில் போட்டுக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்தார். முதல் விளக்கு இருந்த இடம் வந்தது. முழங்கால் தானாக மடங்கியது, கழுத்து உள்ளே போனது, தாத்தாவும் பேத்தியுமாக ஒரு சாண் கீழே இறங்கி மேலே வந்தார்கள்.

அழுகை நின்றது.

"இப்ப எதுக்குப்பா குனிஞ்சீங்க?"

"எங்க குனிஞ்சேன்?"

"இல்லாத விளக்குக்கு ஒரு கும்பிடு போட்டாரு" என்றாள் மனைவி.

பேத்தி அடுத்த அழுகைக்கு மூச்சை இழுத்தாள். அதற்குள் இரண்டாவது விளக்கின் இடம் வந்துவிட்டது. இறங்கி ஏறினார்கள். இழுத்த மூச்சு கொட்டாவியாக வெளியே வந்தது. மூன்றாவது இடத்தில் அவள் கண் பாதி சொருகிவிட்டது.

"நிறுத்தாதீங்கப்பா" என்று மகள் கிசுகிசுத்தாள். "திரும்பி வாங்க. அதே மாதிரி குனிஞ்சு குனிஞ்சு."

இருபது நிமிடம் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். இப்போது முழங்கால் தானாக மடங்கவில்லை, இவர் மடக்க வேண்டியிருந்தது. அது கடக் கடக்கென்று சத்தம் போட்டது. விளக்கு இருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குனிந்தால் அதிகம். அதைக் கழற்றின பிறகு ஒரே நாளில் நூறு ஆகிவிடும் போலிருந்தது.

"போதும், உக்காருங்க. தூங்கிட்டா" என்றாள் மனைவி. கோபமில்லாத குரல்.

மாஸ்டர் காதில் வாங்காமல் மூன்றாவது விளக்கை நோக்கிப் போனார். அந்த இடம் வந்ததும், அரை இன்ச் கூடவே குனிந்தார்.