அண்ணன் செய்த திருப்புளி

இந்த மலரில் எழுத எனக்குத் தகுதி இல்லை. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். சபையில் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்கள் உறவிலேயே வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் உண்டு. நான் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள். அண்ணன் காலமாகி ஓராண்டு நிறையும் ஜெபக் கூட்டத்துக்கு ஒரு மலர் போடலாம் என்று போதகர் சொன்னபோது, அண்ணி என்னைத்தான் எழுதச் சொன்னார்.

"ஒன் அண்ணனப் பத்தி ஒனக்குத் தெரியாதது இன்னா கீது? நீயே எயுது" என்றார்.

தெரிந்ததால்தான் பயந்தேன். அண்ணனின் கைவேலையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அது தவறு. வாயால் என்னால் அதைத் திருத்த முடியவில்லை. எழுத்தில் முடியுமா என்று பார்க்கிறேன்.

அண்ணன் பிறந்தது உத்திரமேரூருக்குத் தெற்கே நான்கு மைலில் இருக்கும் எங்கள் ஊரில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். நடவு நடந்துகொண்டிருந்த நாளில் வலி கண்டு, வயலோரத்துப் புங்கமரத்தடியில் அம்மா அவரைப் பெற்றார். "சேத்துக் காலோட பெத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அண்ணனுக்குப் பின் மூன்று பேர் பிறந்தோம். நடுவில் இரண்டு தங்கவில்லை.

அண்ணனுக்குப் பதினான்கு வயதாகும்போது அப்பா வாந்திபேதியில் இறந்தார். அந்த வருஷமே மிஷன் தொழிற்கூடத்தில் தச்சு வேலை படிக்க அண்ணனுக்கு இடம் கிடைத்தது. பையனை ஏருக்கு அனுப்பாமல் உளி பிடிக்க அனுப்புகிறாள் என்று நிலக்காரர் வீட்டில் கோபம். ஒரு பருவம் முழுக்க அம்மாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஏரிக்கரையில் கீரை பறித்து நாங்கள் சாப்பிட்டோம். அப்போதும் அம்மா அண்ணனைத் திருப்பி அழைக்கவில்லை.

அண்ணன் படித்து முடித்த சமயத்தில் தொழிற்கூடத்தை நடத்திய துரை தம் தேசத்துக்குத் திரும்பினார். போகும்போது தம்முடைய இரும்பு இழைப்புளியை அண்ணன் கையில் கொடுத்தார். எங்கள் பக்கத்துத் தச்சர்கள் எல்லாரும் மர இழைப்புளி வைத்திருந்தார்கள். சீமை இரும்பில் செய்தது அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. சபையில் ஏழை வீட்டில் சாவு விழுந்தால் அண்ணன் அந்த இழைப்புளியை எடுத்துக்கொண்டு தாமே போய்ப் பெட்டி செய்து கொடுப்பார். பிள்ளைப் பெட்டியாக இருந்தால் உள்பக்கத்தையும் இழைப்பார். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "படுக்கறது புள்ளயாச்சே, சிலாம்பு குத்தாதா?" என்றார்.

கல்யாணமான பின் பட்டணத்து மரவாடி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வட்ட ரம்பத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஊருக்குத் திரும்பி வந்தபோது கையைத் துண்டால் மூடியிருந்தார். நானும் கணவரை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது.

அந்த இழைப்புளியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அதற்குள் வெட்டும் தகடு ஒன்று, அதன்மேல் படியும் தகடு ஒன்று. இரண்டையும் ஒரே திருகாணி இறுக்கிப் பிடித்திருக்கும். தகடு மழுங்கும்போதெல்லாம் திருகாணியைக் கழற்றி, தகட்டைத் தீட்டி, மறுபடி மாட்ட வேண்டும். நாளுக்கு நான்கைந்து தடவையாவது இந்த வேலை வரும். திருகாணியின் தலை சட்டைப் பொத்தானைவிடப் பெரியது. அதில் வெட்டியிருக்கும் பள்ளமும் நீளம். கடையில் விற்கும் திருப்புளிக்கு நுனி குறுகல், அதில் நிற்காமல் வழுக்கும். ஐந்து விரல் உள்ளவர்கள் அழுத்திப் பிடித்துச் சமாளிப்பார்கள். அண்ணனால் முடியவில்லை. இரண்டு தடவை வழுக்கி இடது உள்ளங்கையில் குத்திக்கொண்டார். இழைப்பதில் குறைவில்லை, உள்ளங்கையால் தள்ளி முன்போலவே வழவழவென்று இழைத்தார். இழைப்புளியைத் திறக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் அண்ணியோ நானோ திறந்து கொடுப்போம்.

உத்திரமேரூரில் பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே சித்தாளாகக் கல் சுமந்தேன். கதவு ஜன்னல் வேலையை ஒரு மேஸ்திரி எடுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்குக் குறையாத வேலை. அண்ணன் அவரிடம் போய்க் கேட்டார்.

"நீ வேல தெரிஞ்ச ஆளு, நான் இல்லேங்கல. ஆனா ஒன் எயப்புளியத் தொறந்து குடுக்கறதுக்கு நான் தனியா ஒரு ஆளு போடணுமாபா? அடுத்த வாரம் உட்டு அதுக்கடுத்த திங்கக்கெயம வா. எல்லாரு எதுருலயும் கயட்டு, தீட்டு, மாட்டு. ஒருத்தன் கை படக்கூடாது. செஞ்சிட்டீன்னா வேல ஒன்து" என்றார்.

அண்ணனுக்கு அது பிச்சை கேட்காமல் பிழைக்கிற வழி. வேறு வழி தெரியவில்லை.

சந்தைப் பக்கத்துக் காயலான் கடையில் உடைந்த அரம் ஒன்றை வாங்கி வந்தார். பெரிய பட்டை அரம். அரத்துக்குப் போடுவது நல்ல உருக்கு என்றார். அதை அடுப்பில் பழுக்கவைத்துச் சாம்பலில் ஆறவிட்டு மெதுவாக்கினார். பிறகு கல்லில் தேய்த்தார். திருகாணிப் பள்ளம் எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலம், பள்ளம் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு மெலிவு. அரை மணிக்கு ஒரு தடவை பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார். பிடிக்கு, நிலக்காரர் வீட்டுக் குப்பையில் கிடந்த ஏரின் உடைந்த மேழியை எடுத்து வந்தார். கருவேல மரம். பிடி உருண்டையாக, உள்ளங்கைக்குள் அடங்கும்படி செதுக்கினார். இரண்டு விரல் இல்லாத இடத்தில் மரம் சற்றுப் புடைத்து நின்றது. வேறு யார் பிடித்தாலும் அது கைக்கு உறுத்தும். எனக்கு உறுத்தியது. பிடி பிளக்காமல் இருக்கப் பழைய அரிக்கேன் விளக்கின் பித்தளை வளையத்தை அறுத்துப் பூணாகப் போட்டார். உள்ளே அரக்கு உருக்கி ஊற்றி இரும்பைச் செருகினார்.

அதற்கு முன்னால் துவைச்சல் போட்டார். செக்கச்செவேலென்று பழுத்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்து உறுதியேற்றுவது துவைச்சல். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும் என்பதால், தேய்த்து வெளுப்பாக்கித் தோசைக்கல்லின் மேல் வைத்து மெல்லச் சூடு காட்டினார். நான் ஊதுகுழலால் ஊதினேன். இரும்பின் மேல் நிறம் ஓடி வந்தது. வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"இதுக்கு மேல போனா ஊதா, அப்பறம் நீலம். நீலம் வந்துட்ச்சின்னா செத்த இரும்பு" என்றார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை முழுவதும் இழைப்புளியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அண்ணி எண்ணிக்கொண்டே இருந்து, "தோ பாரு, இருவது ஆச்சி. கொயந்தைக்கு சொப்பு கெடச்ச மாதிரி கீது" என்றார். கை போன பின் அண்ணன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆயுதம் தொடமாட்டார். அவரும் அண்ணியும் கோயிலுக்குப் போனார்கள். நான் சமையலுக்காக வீட்டில் இருந்தேன். திருப்புளியை எடுத்துப் பார்த்தபோது பிடி மயிரிழை ஆடுவதுபோல் இருந்தது. முந்தின நாள் அத்தனை தடவை திருகியதில் அரக்கு விட்டிருக்கலாம்.

அறுப்புக்குப் போகும் பெண்கள் நாங்கள், அரிவாளின் பிடி ஆடினால் இரும்பின் அடிப்பக்கத்தை அடுப்பில் காட்டுவோம். உள்ளே அரக்கு இளகும். பிடியைத் தரையில் தட்டி இறுக்கினால் ஆறும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதையே செய்தேன். அரிவாள் நீளமானது, நுனிவரை சூடு போகாது. திருப்புளியோ நாலு விரற்கடை. எடுத்துப் பார்த்தபோது இரும்பு முழுக்கக் கருநீலமாக இருந்தது. புகைக்கரி என்று நினைத்தேன். மேஸ்திரி முன்னால் அசிங்கமாக இருக்கக் கூடாதே என்று புளியும் சாம்பலும் போட்டு நிறம் போகத் தேய்த்தேன். வெள்ளிபோல் ஆனது.

கோயிலிலிருந்து வந்த அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பளபளன்னு கீது? கல்யாணத்துக்கா போவுது?" என்றார்.

"புளி போட்டுத் தேச்சேன் ணா" என்றேன். அடுப்பில் வைத்ததைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. ஞாயிறு என்பதால் அண்ணன் அதைத் திருகிப் பார்க்காமல் துணியில் சுற்றி வைத்தார்.

திங்கட்கிழமை காலை எட்டுத் தச்சர்கள் சுற்றி நின்றார்கள். நான் கல் கூடையோடு சற்றுத் தள்ளி நின்றேன். அண்ணன் இழைப்புளியிலிருந்து தகடுகளை எடுத்துப் பலகைமேல் வைத்தார். திருப்புளியைப் பள்ளத்தில் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்தித் திருகினார். திருகாணி அசையவில்லை. திருப்புளியின் நுனி வெற்றிலைக் காம்புபோல் முறுக்கிக்கொண்டது.

அண்ணன் அதை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். "துவைச்சலே இல்லியேபா இதுல. யாரு போட்டது?"

"நான்தான் போட்டேன்."

பின்னாலிருந்து ஒரு தச்சர், "வெரலு ரெண்டு பூட்ச்சி, கூடவே கைவாகும் பூட்ச்சி" என்றார். சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "போய் ஒடம்பப் பாத்துக்கோபா" என்று திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "மறுபடி துவைச்சல் போட்டுப் பாரு ணா" என்றேன்.

"இன்னாத்துக்கு? வைக்கோல் நெறம்தான் பாத்தேன். அப்பிடித்தான் தெரிஞ்சிது. நெறம் பாக்கற கண்ணே பூட்ச்சின்னா அப்பறம் இன்னா தச்சன்?" என்றார்.

அதன்பின் அண்ணன் இழைப்புளியைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டார். யாராவது கதவு சரிசெய்யக் கொண்டுவந்தால், "என்னாண்ட குடுக்காதபா, நான் செஞ்சா நிக்காது" என்பார். பிள்ளைப் பெட்டி கேட்டு வந்தவர்களையும் அப்படியே அனுப்பினார். ரைஸ்மில்லில் உமி வாரும் வேலைக்குப் போனார். அதற்கு மூன்று விரல் போதும்.

நான் செய்தது இன்னதென்று எனக்குத் தெரிந்தது அடுத்த அறுப்பில்தான். கொல்லரிடம் அரிவாள் கொண்டுபோனபோது, எனக்கு முன்னால் நின்ற பெண்ணை அவர் திட்டிக்கொண்டிருந்தார். "அடுப்புல வெச்சியா? நீலம் ஏறிக் கீது பாரு. துவைச்சல் மொத்தம் எறங்கிப் பூட்ச்சி." அரிவாளைக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். அன்றே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் மில்லிலிருந்து வந்து உமித்தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. ஆறு வருஷம் சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் இருமல் தொடங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாட்களில் படுக்க முடியாமல், சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்தார். அவர் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவும் வண்டி கட்டிக் கொடுத்த மேலத்தெருக்காரருக்கும், முறை வைத்து வந்து பார்த்துக்கொண்ட மில் தொழிலாளர்களுக்கும், நாள் தவறாமல் ஜெபித்த போதகருக்கும், துக்க வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய சபைப் பெண்களுக்கும் அண்ணியின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி சொல்கிறேன். பெட்டிக்குப் பலகை இழைத்துத் தந்தவர் அந்த மேஸ்திரிதான். செய்தி கேட்டுத் தாமாகவே வந்தார். அவருக்கும் நன்றி. அன்றும் அவரிடம் நான் சொல்லவில்லை. இந்த மலர் அவர் கைக்கும் போகும். மேஸ்திரி ஐயா, துவைச்சல் போட்டது அண்ணன்தான். இறக்கியது நான்.

அண்ணனிடம் சொன்னது கடைசி வாரத்தில். பகல் சாப்பாட்டுக்குப் பின், அண்ணி குளத்துக்குப் போயிருந்தபோது, எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் வைத்தது, நீலம், புளி போட்டுத் தேய்த்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். மூச்சு சற்றுச் சீரானதும், "அப்ப நான் பாத்தது வைக்கோல் நெறம்தானா?" என்றார்.

"அதேதான் ணா."

"மேஸ்திரியாண்ட சொல்லிட்டு வா" என்றார். என்னைத் திட்டவில்லை.

நான் மேஸ்திரி வீட்டுக்கு நடந்து போனேன். அவர் வெளியே வந்து, "இன்னாம்மா?" என்றார். அவர் பின்னால் இரண்டு தச்சர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணனுக்கு ஒடம்பு முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"சொன்னியா?" என்று அண்ணன் கேட்டார்.

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"நல்ல துவைச்சல்தான்னாரு" என்றேன்.

அண்ணன் தலையை அசைத்தார். கொஞ்சம் வெந்நீர் கேட்டுக் குடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் காலமானார். மில் வழக்கம்போல் ஓடியது.