லட்சுமம்மா பேரில் ஏறிய கப்பல்

ஊரிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்து என் வீட்டுப் படியேறியபோது, என் மூத்த மகள் ரோஸி என்னைப் பார்த்துப் பயந்து வேறொருத்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. அந்த வேறொருத்தி என் சமையலறையில் நின்றிருந்தாள். என் புருஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஓடிப்போனவளுக்கு இங்க என்ன சோலி?" என்றார்.

சகோதர சகோதரிகளே, நான் ஓடிப்போகவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு என் அம்மா வீட்டுக்குப் போனேன். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊர். எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் குடியிருந்தது இங்கே அந்தமானில்; போர்ட் பிளேரிலிருந்து மெட்ராஸ் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் ஏறிப்போவது இங்கே சகஜம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி லட்சுமம்மா தன் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார். அவருடைய டிக்கெட்டைக் கேட்டு வாங்கி வந்ததே என் புருஷன்தான். "பேருல என்ன இருக்கு? ஆளுதான ஏறணும்" என்று சிரித்தார். கப்பலில் ரோஸிக்கு ஒத்துக்கொள்ளாது, அவள் தன்னோடு இருக்கட்டும் என்றும் அவரே சொன்னார். நானும் நம்பினேன். என் புருஷனுடைய அக்கா, எங்கள் மதினி, கப்பல் ஏறும் ஜெட்டி வரை வந்து கருவாட்டுப் பொட்டலம் கொடுத்து வழியனுப்பினார். மதினி ரோஸிக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவர்.

ஏறக்குறைய ஒரு வருஷம், ஊரிலிருந்து நான் போட்ட கடிதம் எதற்கும் பதில் வரவில்லை. கடைசியில் என் தம்பிதான் அலைந்து திரிந்து என்னைக் கப்பல் ஏற்றிவிட்டான். வந்து பார்த்தால் வாசலில் இந்த வரவேற்பு.

அபர்டீன் பஜாரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் குழந்தையோடு ஒண்டிக்கொண்டேன். கோர்ட்டுக்குப் போகப் பயம். கோர்ட்டுக்குப் போனால் விவாகரத்து, விவாகரத்து என்றால் கோவிலில் நற்கருணை கிடையாது என்றுதான் நாங்கள் பெண்கள் எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வங்காளி வக்கீல் இந்தியில் பொறுமையாக விளக்கினார். கல்யாணத்தை முறிப்பது ஒரு வழக்கு, பிள்ளையைக் கேட்பது வேறு வழக்கு, ஜீவனாம்சம் கேட்பது அதற்கும் வேறு. முதலாவதைத் தொடாமலே மற்ற இரண்டையும் கேட்கலாம். தகப்பனுக்குத்தான் பிள்ளை என்று ஊரில் சொன்னாலும், பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான் ஜட்ஜ் பார்ப்பாராம். அன்றுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனால் என் புருஷன் கெட்டிக்காரர். பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு நான் யாரோடோ போய்விட்டதாகக் கோர்ட்டில் சொன்னார். பிரசவத்துக்குப் போனேன் என்பது பொய்யாம். இங்கிருந்து போன எந்தக் கப்பலிலாவது இவள் பெயர் இருக்கிறதா, விசாரித்துப் பாருங்கள் என்றார். எப்படி இருக்கும்? சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டவர் அவர்தானே.

எனக்கு மதினி இருக்கிறார் என்று தைரியமாக இருந்தேன். அவர் சாட்சிக் கூண்டில் ஏறி வேதபுத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான் ஒண்ணும் காணல. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். புருஷன் துரோகம் செய்தபோது அழுதேன். மதினி அந்த வார்த்தையைச் சொன்னபோது அழுகைகூட வரவில்லை. என் நெஞ்சு வற்றிப்போயிற்று.

வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கினேன். மதினியின் மனதைத் திருப்பும் தாயே என்பதே என் மன்றாட்டு. மதினி ஞாயிறுதோறும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கணீரென்று பாடினார். அவர் மனம் திரும்பவில்லை. மாதாவும் என்னைக் கைவிட்டாள் என்று நினைத்தேன்.

லட்சுமம்மா அப்போது தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் இருந்தார். அவர் புருஷனுக்கு அங்கே மாற்றல் ஆகியிருந்தது. படகுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன், பதில் இல்லை. எப்படி வருவார்? வந்து உண்மையைச் சொன்னால், தன் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்ததற்கு அவர் வீட்டுக்காரரின் சர்க்கார் வேலைக்கே வினை வரும். எனக்காக அவர் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

அடுத்த விசாரணைக்குப் போனபோது கோர்ட் வராந்தாவில், கடல் மயக்கத்தில் முகம் வெளுத்து, தூணில் சாய்ந்தபடி லட்சுமம்மா நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டதும் நிமிர்ந்து நின்று இந்தியில் சொன்னார்: "சாப், டிக்கெட் மேரா தா. இஸ்கா ஆத்மி குத் மாங்னே ஆயா." டிக்கெட் என்னுடையது, இவள் புருஷன்தான் வந்து கேட்டான் என்று. ஜெட்டியில் யார் யார் நின்றார்கள் என்பதையும் சொன்னார். கருவாட்டுப் பொட்டலத்தைக்கூட விடவில்லை. மதினி தலை குனிந்திருந்தார்.

வெளியே வந்து லட்சுமம்மாவின் கையைப் பிடித்தேன். "ஏன்க்கா வந்தீங்க? உங்க வீட்டுக்காரர் வேலை என்னாகும்?"

தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நீ என் பேர்ல போனே இல்ல? ஓடிப்போனவன்னு சொன்னா, அது நானு கூடதானே."

ரோஸி என்னிடம் இருக்க வேண்டும், தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாம், பிள்ளைகளுக்கான பணம் மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிக்கப்படும் என்று தீர்ப்பானது. லட்சுமம்மா வீட்டுக்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்ததோடு சரி. ரோஸி உடனே என்னிடம் ஒட்டவில்லை. பல நாள் என்னை 'ஆன்ட்டி' என்றாள். ஒருநாள் காய்ச்சலில் தானாகவே என் மடியில் ஏறிப் படுத்து "அம்மா" என்றாள். என் வழக்கு அன்றுதான் முடிந்தது.

மதினியை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று உங்கள் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். அதற்கும் செபிக்கிறேன். என்னைப்போல் ஏமாற்றப்பட்டு நிற்கிற சகோதரிகளே, மாதாவிடம் கேளுங்கள். கோர்ட்டுக்கும் போங்கள், அது பாவமில்லை. ஆனால் இன்னார் மூலமாகத்தான் உதவி வர வேண்டும் என்று அவளுக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் முதல் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஹட் பேயிலிருந்து ஆள் அனுப்பினாள்.

ஒவ்வொரு வருஷமும் மாதா திருநாளன்று நன்றிப் பூசைக்குக் கொடுக்கிறேன். சாமியார் பீடத்திலிருந்து லட்சுமம்மாவின் பெயரை வாசிக்கிறார். மதினி இன்னும் முதல் பெஞ்சில்தான் உட்காருகிறார். அவர் காதிலும் அது விழுகிறது.