காலடி மண்

தம்பிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது, இரண்டு நாள் பால் குடிக்காமல் அழுதான். பரளச்சிக்குத் தெற்கே எங்கள் ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா இரண்டிலும் ஏறவில்லை. அத்தையின் கண் பட்டுவிட்டது என்றாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர், அறுபதை நெருங்கியிருந்தார். கணவர் இறந்தபின் எங்களோடு வந்து ஆடு மேய்த்தார். தினமும் அவர் பார்த்துப் பார்த்துக் கறந்த பாலில்தான் எங்களுக்குக் காப்பி. அதில் கண் பட்டதாக யாரும் சொன்னதில்லை.

கண் வைத்தவரின் வலக்காலடி மண்ணை அவர் அறியாமல் எடுத்து, மிளகாய் வத்தலும் கல்லுப்பும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடவேண்டும். நெடி ஏறினால் அவர்மேல் குற்றமில்லை. ஏறாவிட்டால் அவர் கண்தான்.

"நெடி மட்டும் வராமப் போகட்டும், தொலிய உரிச்சுருதேன்" என்றார் அப்பா.

மண் எடுக்கும் வேலை, ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு வந்தது. எனக்கும் அத்தைமேல் சந்தேகம் இருந்தது. தொட்டிலைத் தாண்டும்போதெல்லாம் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொள்வதைக் கவனித்து வைத்திருந்தேன்.

கண்மாய்வரை பின்னாலேயே போனேன். கருவேலங்காய்க் கொத்தோடு அத்தை முன்னால் நடக்க, ஆடுகள் அவர் பின்னால் நடந்தன. புழுதியில் பதிந்த தடத்தையெல்லாம் குளம்புகள் அழித்துக்கொண்டே போயின. வெறுங்கையோடு திரும்பப் பயம். என் வலக்காலை அழுத்தி ஊன்றி, அந்தத் தடத்திலிருந்து மூன்று விரலால் அள்ளிப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன்.

அம்மா மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். வத்தல் கருகியது. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

அது என் காலடி மண். தம்பி பிறந்தபிறகு அம்மாவின் பக்கத்தில் எனக்குப் படுக்க இடமில்லை. அவனை நான் எப்படிப் பார்ப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

பொழுது சாய அத்தை ஆடுகளோடு திரும்பினார்.

"புருசனத் தின்னது பத்தாதுன்னு எம்புள்ளையையும் திங்க வந்தியா?" என்றாள் அம்மா.

"ஏ தம்பி, நேத்துலருந்து நான் புள்ள பக்கமே போகலயேப்பா" என்று அத்தை அப்பாவைப் பார்த்தார்.

"கொள்ளிக்கண்ணு மூதி!" அக்காவை அப்பா அழைத்த பெயர் அது. அத்தை கையிலிருந்த தொரட்டிக் கம்பைப் பிடுங்கி அவர் தோளில் இரண்டு அடி அடித்தார். மூன்றாவது நிலைக்கதவில் விழுந்தது.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கம்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை தம்பி பால் குடித்தான். "பாத்தீகளா?" என்றாள் அம்மா. எல்லோருடைய சந்தேகமும் தீர்ந்தது. அத்தையின் பாயும் தட்டும் தொழுவத்துக்குப் போயின.

ஒரு வாரம் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டார். சினை ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, கெடாயா பெட்டையான்னு நீ பாத்துச் சொல்லு. எங்கண்ணு பட வேணாம்."

அவரும் நம்பிவிட்டிருந்தார். குற்றக்கண் என்னுடையது என்று அறிந்திருந்த நான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் சொன்னேன். இரண்டும் பெட்டை. இரண்டும் பிழைத்தன.

அதன்பிறகும் வெகுநாள் தம்பியை நேராகப் பார்க்காமல், என் கண்ணையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் தோளில் கன்றியிருந்த இரண்டு தடங்களும் எவர் கண்ணாலும் வந்தவை அல்ல என்பது, தினமும் அவற்றைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.